சித்திரை நடை: கோத்தகிரிச் சோலையோரத்தில் கூடு கட்டும் பறவைகள்

சோலைக்கரை எழுதியது:

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் சங்கத்தின் இவ்வாண்டு இளவேனில் நடையை ஏப்ரல் மூன்றாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் வைத்துக்கொள்ளலாம் என்று கருதுகிறோம். காலை ஆறு மணிக்குத் தேயிலைச் சரிவில் தொடங்கி, வெயில் ஏறும் முன் லாங்வுட் சோலைக்குள் செல்லும் பாதையை அடைந்து, பகல் பதினொன்றுக்குள் முடித்துக்கொள்வது திட்டம். லாங்வுட் 116 ஹெக்டேர் மட்டுமே உள்ள சிறு காடு. சுற்றிலும் தேயிலையும் ஊரும் நெருக்கியிருக்க, நடுவில் தப்பி நிற்கும் பழஞ்சோலை அது. 2024 ஜனவரியில் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டதும், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 அங்கே இருப்பதாக அப்போது அறிவிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

எத்தனை இனம் பார்த்தோம் என்று பட்டியல் நீட்டுவதற்கான நடையாக இது இருக்க வேண்டாம் என்பது என் விருப்பம். எந்தப் பாடும் பறவைகள் அங்கே கூடு வைக்கின்றன, எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பதைப் பதிவு செய்வதே நோக்கமாக இருக்கட்டும். கூடு தேடுவது என்றவுடன் கருத்து வேறுபாடுகள் எழும் என்பதும் தெரியும். அவற்றைச் சோலைக்குள் நின்று பேசிக்கொண்டிருப்பதைவிட இங்கேயே பேசி முடித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

தேயிலைமேடு எழுதியது:

நாள் பொருத்தமானதுதான். நான் இந்த ஊர்க்காரன் என்பதால் இரண்டொரு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். தொட்டபெட்டா முகடு மேற்கே மறைத்து நிற்பதால் தென்மேற்குப் பருவமழையின் முழு வேகம் கோத்தகிரியில் விழுவதில்லை. ஆகவே கூடலூர்ப் பக்கத்தை வைத்து இங்குள்ள பருவத்தைக் கணிக்க வேண்டாம். ஏப்ரலில் பிற்பகல் கோடைமழை உண்டு. முதல்நாள் மழை பெய்திருந்தால் மறுநாள் காலையில் புழுக்களும் பூச்சிகளும் நிறைய வெளிப்படும். குஞ்சு உள்ள பறவைகள் ஓய்வில்லாமல் பறப்பதை அப்போது நன்றாகக் காணலாம். சோலைக்குள் அட்டை இருக்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

காட்டெருமைகள் அதிகாலையில் தேயிலைக்குள் மேய்ந்துவிட்டுச் சோலைக்குத் திரும்பும். ஆறு மணிக்குச் சரிவில் இறங்குவதென்றால் முன்னால் செல்பவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். பறவையைப் பார்த்துக்கொண்டே எருமையின் மீது போய் நிற்கும் ஆர்வலர்களை நான் அறிவேன். லாங்வுட் காப்புக்காடு என்பதால் வனத்துறையின் முன் அனுமதியும் வேண்டும். கூட்டமாக நுழைய விடமாட்டார்கள். அது நமக்கும் நல்லதே.

ஒளிப்பெட்டி எழுதியது:

வருகிறேன். ஆனால் ஒன்றை வெளிப்படையாகக் கேட்க விரும்புகிறேன். கூடு கட்டும் பறவைகளைப் பார்க்கத்தான் போகிறோம் என்று அறிவித்துவிட்டு, கூட்டின் அருகே போகாதே, படம் எடுக்காதே என்று சொல்லப்போகிறீர்கள் என்றால், பிறகு எதற்காக அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? என்னிடம் உள்ள நீண்ட லென்சுக்கு இருபது மீட்டர் தொலைவே போதுமானது. அந்தத் தொலைவில் அமைதியாக நிற்கும் மனிதனால் பறவைக்கு என்ன கேடு வந்துவிடும்? குஞ்சுக்கு இரை ஊட்டும் ஒரு படம் எத்தனை பேரைப் பறவைகளின் பக்கம் இழுத்து வந்திருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். நான் வந்ததே அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான். உள்ளூர் நண்பர் முன்கூட்டியே இரண்டு மூன்று கூடுகளைக் கண்டு வைத்தால், நேரம் வீணாகாமல் அனைவரும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்பது என் யோசனை.

பழையகோப்பு எழுதியது:

ஒளிப்பெட்டி நண்பரின் கேள்வி நேர்மையானது. நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் வரையறையிலேயே, காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கிவிடுகின்றன. துப்பாக்கி எடுத்தவனும் கூட்டைக் கலைத்தவனும் அங்கே ஒரே சொல்லுக்குள் வருகிறார்கள். நீண்ட லென்சோடு அமைதியாக நிற்பவரை யாரும் வேட்டைக்காரர் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் மறைக்கும் இலையைச் சற்று ஒதுக்கிக் கட்டுவதும், ஒரு கிளையை ஒடித்து வழி செய்வதும் எந்தப் பக்கத்தில் சேரும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

அடுத்தது, இருபது மீட்டர் கணக்கு. ஒருவர் நின்றால் ஒரு பேச்சு; பதினைந்து பேர் அடுத்தடுத்து அதே இடத்தில் நின்றால் அது வேறு பேச்சு. அடைகாக்கும் தாய் எழுந்து போய்விட்டுத் திரும்பத் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை குளிர்கிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் காலை ஏழு மணிக் குளிர் அங்கே சாதாரணமானதன்று. பறக்கும் நிலையை எட்டப்போகும் குஞ்சுகளின் கதை இன்னும் மோசம். பாதி வளர்ந்த சிறகோடு இருக்கும் குஞ்சுகள் அச்சுறுத்தப்பட்டால் கூட்டை விட்டுக் குதித்துவிடும். மீண்டும் எடுத்து வைத்தாலும் பெரும்பாலும் தங்குவதில்லை. தரையில் கிடக்கும் அந்தக் குஞ்சுக்குக் கீரி, பாம்பு, ஊர்ப்பூனை என்று எல்லாமே காத்திருக்கின்றன. மனிதர் கூடி நிற்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வரும் அண்டங்காக்கையை நாம் எல்லோருமே கண்டிருக்கிறோம். உயிரியல் வகைப்பாட்டின்படி அந்தக் காக்கையும் பாடும் பறவைகளின் பெருங்கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்பது இந்த விவாதத்துக்கு எவ்விதத்திலும் உதவாது. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கோத்தகிரி என்றவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னின் மகள் மார்கரெட் காக்பர்ன் (1829–1928) இந்த ஊரில்தான் வாழ்ந்தார். பறவைகளை வண்ணத்தில் தீட்டினார். இங்கு கூடு வைக்கும் பறவைகளைப் பற்றிய குறிப்புகளை ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு அனுப்பினார். பிற்காலத்தில் காங்கிரசு தோன்றக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். நீலகிரிப் பறவைகளின் முட்டை எந்த நிறம், கூடு எந்த மாதம் என்று நாம் இன்று எளிதாகச் சொல்வதில் பெரும்பகுதி அந்தத் தலைமுறை திரட்டியது. அவர்கள் காலத்து வழக்கப்படி கூட்டைக் கண்டால் முட்டையை எடுப்பார்கள். அறியாத ஒன்றை அறிய அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. முட்டையின் நிறம் இன்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பறவைகள் இப்போதும் அங்கே கூடு வைக்கின்றனவா, எந்த ஆண்டு எந்த வாரத்தில் தொடங்குகின்றன, தேயிலைக்குள் எவ்வளவு தூரம் வருகின்றன என்பவையே நமக்குத் தெரிய வேண்டியவை. அதற்குக் கூட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

ஒளிப்பெட்டி எழுதியது:

ஐயா சொன்னதில் கிளை ஒடிப்பதைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூட்டையே பார்க்காமல் அந்தப் பறவை அங்கே இனப்பெருக்கம் செய்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்? ஆண் பறவை பாடியது என்பதை மட்டும் வைத்து எழுதிவிடலாமா? அப்படியானால் வீட்டில் உட்கார்ந்துகொண்டே எழுதிவிடலாமே.

நாட்குறிப்பு எழுதியது:

பாட்டை மட்டும் வைத்து எழுத முடியாது என்பதில் ஒளிப்பெட்டி அண்ணன் சொல்வதே சரி. சொல்லப்போனால் ஏப்ரலில் பாட்டு நம்மை ஏமாற்றவும் செய்யும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்த கதிர்க்குருவிகள் பல அந்த நேரத்தில்தான் ஊர் திரும்பும் தறுவாயில் இருக்கின்றன. பச்சைக் கதிர்க்குருவியும் பிளித் நாணல் கதிர்க்குருவியும் போகும் முன் இங்கேயே சில அடிகளைப் பாடிப் பார்ப்பதுண்டு. அவை கூடு வைப்பது இமயத்திலும் அதற்கு அப்பாலுமே. தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் மரத்தில் ஒன்று பாடியதென்று கூடு வைக்கும் பறவைகளின் பட்டியலில் சேர்த்தால் அது பிழையான பதிவாகிவிடும். ஆகவே பாட்டு கேட்டது என்பது மிகக் கீழ்ப்படியான சான்று. அதே ஆண் அதே கிளையில் ஒரு வாரம் கழித்தும் பாடினால், அது எல்லை பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். சான்றின் தரம் ஒரு படி ஏறுகிறது. பறவைக் காட்சிகளைப் பதிவு செய்யும் இ-பேர்டு இணையதளத்தில் இனப்பெருக்கக் குறியீடுகள் இந்த ஏணி முறையிலேயே அமைந்திருக்கின்றன: சாத்தியம், வாய்ப்பு, உறுதி.

உறுதி என்று எழுதுவதற்குக் கூட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. அலகில் இரையோடு ஒரே திசையில் திரும்பத் திரும்பப் போகும் பறவை, கூட்டைக் காட்டாமலே கூட்டைச் சொல்லிவிடுகிறது. தேயிலைச் சரிவில் இதற்கு நல்ல ஆசிரியர் புதர்ச்சிட்டு. ஆண் கறுப்பு, தோளிலும் பிட்டத்திலும் வெள்ளை, பெண் பழுப்பு. சாலையோரத்து மண்கரையில் உள்ள பொந்தில்தான் கூடு வைக்கும். இரையோடு வந்த பறவை நம்மைக் கண்டால் நேரே பொந்துக்குள் போகாது. ஒரு தேயிலைக் கொம்பில் அமரும், வாலைச் சொடுக்கும், ‘செக் செக்’ என்று கடுமையாகக் கத்தும், அலகில் பச்சைப் புழு நெளிந்துகொண்டே இருக்கும். அதை விழுங்கவும் மாட்டாது, கொண்டுபோய்க் கொடுக்கவும் மாட்டாது. அந்த இடத்தில் நாம் செய்ய வேண்டியது மூன்று நிமிடம் காத்திருப்பது அன்று, முப்பது அடி பின்வாங்குவது. பின்வாங்கியவுடன் அது பொந்துக்குள் போய்விட்டால் பதிவு முடிந்தது. பொந்து எங்கே என்று கரையில் கை வைத்துத் தேட வேண்டிய தேவையே எழவில்லை.

இதைவிட நுட்பமான சான்று ஒன்று உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. குஞ்சுகளின் எச்சம் சளி போன்ற மெல்லிய உறையில் சிறு வெள்ளைப் பொதியாக வெளிப்படும். முதல் சில நாள்களில் பெற்றோரே அதை விழுங்கிவிடும். குஞ்சு வளர வளர, அலகில் கவ்விக்கொண்டு சற்றுத் தூரம் பறந்து போய்ப் போட்டுவிட்டு வரும். கூட்டுக்குக் கீழே வெள்ளைக் கறை விழுந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்பதே காரணம் என்பர். கூட்டின் தூய்மையும் சேர்ந்து கிடைக்கிறது. ஆகவே ஒரு புதருக்குள் இரையோடு நுழைந்த பறவை, வெளியே வரும்போது வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு வந்தால், உள்ளே குஞ்சு இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் நமக்குச் சொல்ல முடியாது.

ஓர் எச்சரிக்கை. இரை சுமப்பது எல்லாப் பறவைகளுக்கும் ஒரே பொருள் தருவதில்லை. காக்கையும் கழுகினங்களும் தமக்கான இரையையே நெடுந்தூரம் தூக்கிப் போகும். சின்னான்களில் ஆண் தன் இணைக்குப் பழம் ஊட்டுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதாக எழுதிவிட வாய்ப்புண்டு. திரும்பத் திரும்ப, ஒரே திசை, ஒரே புதர் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் நான் எழுதுவேன்.

இப்போது சோலைக்குள் வருவோம். நீலகிரிச் சிரிப்பான் இந்த மலைக்கே உரியது; அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆனால் கோத்தகிரியில் அதன் சிரிப்பைக் கேட்காமல் ஒரு காலையும் விடிவதில்லை. பாசியும் புல்லும் கொண்டு கிண்ணக்கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டே முட்டை. இந்தச் சிரிப்பான்களையும், நீரோடையோரத்து அடர்ந்த கீழ்ச்செடிகளுக்குள் ஒளிந்து வாழும் நீலகிரியின் கருநீலச் சோலைக்குருவியையும் தனித்தனிப் புதுப் பேரினங்களாக (நெருங்கிய இனங்களின் தொகுதிகளாக) 2017இல் பிரித்தார்கள். சோலைக்குருவியின் பேரினத்துக்குச் ‘சோலிகோலா’ என்று பெயர். நம் சோலை அதில் அப்படியே இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இவற்றின் உறவினங்கள் வேறு. மலை உச்சிகள் தீவுகளைப் போலப் பிரிந்து கிடப்பதால் இவை தனித்தனியே வளர்ந்தன. இரண்டே முட்டை இடும் ஓர் இனம், போய்ச் சேர வேறு மலையும் இல்லாத நிலையில், ஒரு கூட்டை இழப்பது தையல்சிட்டு ஒரு கூட்டை இழப்பதற்குச் சமமாகாது. ஆகவே தேயிலைப் பகுதியில் கொஞ்சம் தாராளமாகவும் சோலைக்குள் மிகுந்த கண்டிப்போடும் நடந்துகொள்வோம் என்று முன்மொழிகிறேன்.

புதுவரவு எழுதியது:

வணக்கம். நான் சங்கத்தில் சேர்ந்து சில வாரங்களே ஆகின்றன. என் பத்து வயது மகளும் வருவாள். என்ன கொண்டுவர வேண்டும்? எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் போதும் என்பதற்கு ஏதேனும் கணக்கு இருக்கிறதா? மீட்டரில் சொன்னால் அவளுக்கு எளிதாகப் புரியும்.

பழையகோப்பு எழுதியது:

அம்மா, மீட்டரில் சொல்ல முடியாது, பறவையே சொல்லும். அது தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தால் உங்கள் தூரம் சரி. வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கினால் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். உங்கள் மகள் இதை நம்மைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வாள். பைனாகுலர் இல்லையென்றால் சங்கத்தில் உள்ளதைத் தருகிறோம். மங்கிய நிற உடை, அட்டை ஏறாதிருக்க முழங்கால்வரை காலுறை, ஒரு குறிப்பேடு, பென்சில் போதும்.

தேயிலைமேடு எழுதியது:

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தப் பருவத்தில் அதை அறவே தவிர்க்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். எல்லை காக்கும் ஆண், எதிரி வந்துவிட்டான் என்று நம்பிக் கூட்டையும் இணையையும் விட்டுவிட்டு நம் கைப்பேசியோடு சண்டைக்கு வரும். வார இறுதிகளில் வரும் பயணிகள் சோலைக்குருவியை ஒவ்வொருவராக இப்படி அழைத்துக்கொண்டே போவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முன்கூட்டியே கூடு கண்டு வைக்கச் சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்டு வைத்தால் காட்ட வேண்டியிருக்கும். நான் காட்டிய இடம் அடுத்த வாரம் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்பது என் கையில் இல்லை.

சோலைக்கரை எழுதியது:

நடை நேற்று நடந்தது. வந்தவர்களை இரண்டு சிறு குழுக்களாகப் பிரித்து, அரை மணி நேர இடைவெளியில் அனுப்பினோம். முதல்நாள் மாலை மழை பெய்திருந்ததால் நண்பர் சொன்னபடியே காலை சுறுசுறுப்பாக இருந்தது.

தேயிலைப் பகுதியில் புதர்ச்சிட்டு இரை சுமந்ததைத் தெளிவாகப் பார்த்தோம். உறுதி என்று பதிவு செய்திருக்கிறோம். செம்மீசைச் சின்னான்கள் கூடு கட்டும் நார்களைச் சுமந்துகொண்டிருந்தன. சோலையின் விளிம்பில் நீலகிரி ஈப்பிடிப்பான் ஓர் ஆண் இடைவிடாமல் பாடியது. அதற்குமேல் சான்று இல்லாததால் சாத்தியம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டோம். கறுப்பு–செம்மஞ்சள் ஈப்பிடிப்பான் ஒரு சோடி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பெரணிகளுக்கிடையே காய்ந்த இலைகளை எடுத்துக்கொண்டு போனது. காய்ந்த இலைகளை உருண்டையாகச் சேர்த்துத்தான் அது கூடு செய்யும் என்பதால், அந்த இடத்தைத் தாண்டும்வரை யாரும் பாதையை விட்டு ஒரு காலடிகூட வெளியே வைக்கவில்லை.

எதிர்பாராதது வெள்ளைக்கண்ணி. பாதையோரத்தில், தோள் உயரத்துக் கிளைக் கவட்டில் தொட்டில் போலத் தொங்கிய கூடு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சிலந்தி நூலைச் சுற்றிச் சுற்றிக் கிளையோடு ஒட்டியிருந்தது. அந்த நூலில் ஒட்டிய பாசித்துணுக்குகளால் கூடும் கிளையும் ஒரே நிறமாகத் தெரிந்தன. நாங்கள் தேடிக் கண்டதன்று. உள்ளே அமர்ந்திருந்த பறவையின் கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையத்தை முதலில் கண்டது புதுவரவு அம்மாவின் மகள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கையால் மட்டும் காட்டினாள். யாரும் நிற்காமல், நடந்துகொண்டே பார்த்துவிட்டுக் கடந்தோம். அடைகாக்க ஏறத்தாழ பத்து நாள், குஞ்சு பறக்க மேலும் பத்து நாள் என்பதால் மே நடுப்பகுதிக்குள் அந்தக் கூடு காலியாகிவிடும். பதிவில் சோலையின் பொது இடப்பெயரை மட்டும் கொடுத்திருக்கிறோம். கூட்டின் இருப்பிடத்தைக் குறிக்கவில்லை.

ஒளிப்பெட்டி எழுதியது:

புதர்ச்சிட்டு புழுவோடு அமர்ந்திருக்கும் படத்தைச் சங்கத் தொகுப்பில் ஏற்றியிருக்கிறேன். பின்வாங்கி நின்று எடுத்தது; கூடு படத்தில் இல்லை. பறவை இயல்பாக இருக்கும் படம் அஞ்சி நிற்கும் படத்தைவிட நன்றாக வருகிறது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் இருப்பிடத்தை மறைப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. நாளை அந்த விளிம்பில் சாலை அகலப்படுத்தவோ தங்கும் விடுதி கட்டவோ யாராவது வந்தால், இங்கே கூடு வைக்கின்றன என்று காட்டத் துல்லியமான பதிவு நம்மிடம் இருக்க வேண்டாமா? எல்லாவற்றையும் மறைத்து வைத்தால் மறைந்தே போய்விடும்.

நாட்குறிப்பு எழுதியது:

இது நியாயமான கவலை. பொதுத் தளத்தில் போடுவதும் பதிவு செய்து வைப்பதும் வெவ்வேறு செயல்கள். துல்லியமான இடம், நாள், கட்டம் ஆகிய மூன்றையும் சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். குஞ்சுகள் பறந்து பருவம் முடிந்த பின், தேவைப்படும் இனங்களுக்கு மட்டும் வெளியிடலாம். வெள்ளைக்கண்ணியின் காலிக் கூட்டை ஆகஸ்டில் யார் போய்ப் பார்த்தாலும் அதற்கு நட்டமில்லை. சோலைக்குருவிக்கு அப்போதும் வெளியிட வேண்டாம் என்பேன். அதே ஓடைக்கரையை அது மறு ஆண்டும் பயன்படுத்தக்கூடும்.

ஒளிப்பெட்டி எழுதியது:

குறிப்பேடு உண்மையாகவே தொடர்ந்து எழுதப்படும் என்றால் சம்மதம். அதை யார் வைத்திருப்பது?

சோலைக்கரை எழுதியது:

நாட்குறிப்பு அவர்களே வைத்திருக்கட்டும். படி ஒன்று பழையகோப்பு ஐயாவிடம் இருக்கும். கூட்டை விட்டு வெளிவந்த குஞ்சுகளைப் பெற்றோர் சுற்றி நின்று ஊட்டுவதைப் பார்க்க ஜூன் முதல் வாரத்தில் அதே பாதையில் மீண்டும் ஒரு சிறு நடை வைக்கலாம். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். வனத்துறைக்கு அனுமதிக் கடிதம் இந்த வாரமே போக வேண்டும் என்பதால், வர விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே எழுதிவிடவும்.

புதுவரவு எழுதியது:

நாங்கள் இருவர்.

தேயிலைமேடு எழுதியது:

நான் ஒருவன். ஜூனில் அட்டை இரட்டிப்பாக இருக்கும். உப்பும் வேப்பெண்ணெயும் நான் கொண்டுவந்துவிடுகிறேன்.